பத்து மணிக் கஞ்சி

மருதமுனையில் ஒரு பெண் பட்டதாரியாவதை ஊர் எப்படியோ பொறுத்துக்கொண்டது. அவளை நேர்முகப் பரீட்சைக்கு எதில் ஏற்றி அனுப்புவது என்பதில்தான் கருத்து வேறுபாடு வந்தது.

பஸ்ஸில் போகிறேன் என்றேன். நான் பேராதனையில் பௌதிகம் படித்து முடிக்கும்வரை பஸ்ஸும் ரயிலும்தான் என்னைச் சுமந்தன. வழியில் யாரும் என்னைப் பிடித்துத் தின்றுவிடவில்லை. ஆனால் வாப்பாவுக்கு அது கௌரவக் குறைவு.

"பஸ்ஸில போய் இறங்கி வாத்திச்சி வேலை கேட்டா மதிப்பானுகளாகா? காரில போகணும். ஜவுபர்ட கார் இருக்குதானே."

ஜவுபர் என்பது என் மாமா, உம்மாவின் தம்பி. அவருடைய கார் என்பது ஒஸ்டின் ஏ-40. எழுபத்தொன்பதாம் ஆண்டு அது. நாடு இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டு, ஜப்பான்காரனின் வான்கள் கல்முனைத் தெருவில் சத்தமில்லாமல் ஓடத் தொடங்கியிருந்த காலம். மாமா அவற்றைத் தகரப் பேணி என்பார். தன்னுடையது வெள்ளைக்காரன் வார்த்த இரும்பு என்பார். அந்த இரும்பு நின்ற இடத்திலெல்லாம் கீழே ஈரம் இருக்கும். றேடியேட்டர் ஒழுக்கு. அதோடு கடைத்தெருவில் மெதுவாக ஊர்ந்தால் கொதிக்கும். வெட்டவெளியில் வேகமாக ஓடினால் கொதிக்காது. இந்த இரண்டாவது வருத்தத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாமா காருக்குப் புது அழகு சேர்க்க எண்ணி, எஞ்சின் விசிறியைக் கழற்றிப் பச்சைப் பெயின்ட் அடித்து, திருப்பி மாட்டியிருந்தார். திருப்பித்தான் மாட்டியிருந்தார்.

"மாமா, ஃபேன் மறுபக்கமா மாட்டிக் கிடக்கு" என்று ஒருநாள் சொன்னேன்.

"ஃபேனுக்கு ஏதுகா முன்பக்கம் பின்பக்கம்? சுத்துறதுதானே அதுட வேலை."

"சுத்தும். ஆனா காத்தை ஒழுங்கா இழுக்காது. அந்த இறக்கையிட வளைவைப் பாருங்க."

"மகள், நீ படிச்சது பேராதனையில. இது செஞ்சது இங்கிலாந்துல."

இதற்குப் பிறகு பௌதிகம் என்ன செய்யும்?

நேர்முகப் பரீட்சை அம்பாறையில். பதினொரு மணிக்கு. வந்தது நோன்பு மாதத்தில். அந்த ஒரு வேலைக்காகத்தான் நான் பட்டம் எடுத்த நாளிலிருந்து வீட்டில் குந்திக்கொண்டிருந்தேன். அது கிடைக்காவிட்டால் அடுத்தது என்ன என்பதும் முடிவாகியிருந்தது: சாய்ந்தமருதில் ஒரு மாப்பிள்ளை. அவருக்குக் கடற்கரையில் கருவாடு போடும் மீன் வாடி இருந்தது. அதிகம் படித்த பெண் வேண்டாம் என்ற கொள்கையும் இருந்தது; என் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கிறாராம்.

அன்று எனக்கு, பெண்களுக்கு மாதாமாதம் வரும் தொழுகை இல்லாத நாள். ஆகவே நோன்பும் இல்லை. இது உம்மாவுக்குத் தெரியும். வாப்பாவுக்குத் தெரியக்கூடாது, மாமாவுக்குத் தெரியவே கூடாது, தெருவுக்குத் தெரிந்தால் கதை முடிந்தது. அதனால் நானும் விடியுமுன் ஸஹருக்கு எழும்பி, எல்லாரோடும் குந்திச் சாப்பிட்டு, எல்லாரோடும் நிய்யத்து வைத்ததுபோல் வாயை அசைத்து, விடிந்தபிறகு நெல்மூட்டைக்குப் பின்னால் நின்று தண்ணீர் குடித்தேன். மார்க்கம் எனக்குத் தந்த விடுமுறையை ஊர் களவுச் சாமானாக்கி வைத்திருந்தது.

வெளியே வந்தபோது மாமா பொனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் வாப்பா. வாப்பாவின் கையில் ஒரு சட்டி. எங்கள் வீட்டில் நாலு தறி ஓடியது. பாவு நூலுக்குப் பூசக் கஞ்சி எப்போதும் காய்ச்சி இருக்கும். அந்தக் கஞ்சிதான் சட்டியில்.

"என்ன வாப்பா செய்யப்போறீங்க?"

"ஒழுக்கை அடைக்கப்போறன். நூலில பிசிறு பிசிறா நிக்கிறதையெல்லாம் கஞ்சி புடிச்சி ஒட்டவைக்குது. இந்தச் சின்ன ஓட்டையை அடைக்காதா?"

"அது சூட்டில இன்னும் இறுகும், வாப்பா."

"இறுகினாத்தானே அடைக்கும்."

மாமா தலையை ஆட்டினார். "மச்சான் சொல்றதில நியாயமிருக்கு."

நூலை விட்டால் உலகத்தில் வேறு பொருளே இல்லை என்று நினைக்கும் ஒருவரும், விசிறிக்கு முன்பக்கம் இல்லை என்று நினைக்கும் ஒருவரும் ஒத்துப்போனால், அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? கஞ்சி கடகடவென்று உள்ளே போனது. வாப்பா பிஸ்மி சொல்லி மூடியைத் திருகினார். எனக்கு ஒரே ஓர் ஆறுதல். ஒழுக்கு நின்றுவிட்டது. அதை நான் மறுக்கமாட்டேன்.

கல்முனைக் கடைத்தெருவிலேயே சூடு காட்டும் ஊசி ஏறத் தொடங்கியது. காரைதீவுச் சந்தியில் திரும்பும்போது இன்னும் ஏறியது. சம்மாந்துறை தாண்டியதும் வெட்டவெளி வந்துவிடும், காற்றுப் பிடித்துக்கொள்ளும் என்றார் மாமா. வெட்டவெளி வந்தது. கூடவே அறுத்த நெற்கதிர் ஏற்றிய ஒரு ட்ரெக்டரும் முன்னால் வந்தது. அறுவடைக் காலம், ரோட்டை விட்டு விலக அதற்கு இடமில்லை, மனமும் இல்லை. அதன் பின்னால் ஊர்ந்தோம். மணி பத்து இருக்கும்போது பொனட்டின் இடுக்கால் வெள்ளைப் புகை வந்தது. மாமா ஓரங்கட்டினார்.

"கொஞ்சம் ஆறட்டும்" என்றார்.

அப்போதுதான் பின்னால் அம்பாறை பஸ் வந்தது. நான் இறங்கிக் கையைக் காட்டினேன். பஸ் வேகத்தைக் குறைத்தது. வாப்பா என் முன்னால் வந்து நின்று, கண்டக்டரைப் பார்த்து, போ போ என்று கையசைத்தார்.

"நம்மளுட்ட கார் இருக்கு தம்பி" என்று சத்தம்போட்டும் சொன்னார்.

கண்டக்டர் காரைப் பார்த்தான். அதன் மூக்கால் வந்த புகையைப் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு மணியை அடித்தான். பஸ் போனது.

"ஏன் வாப்பா?"

"நடு ரோட்டில காரை விட்டுட்டு பஸ்ஸில ஏறினா ஆக்கள் என்ன சொல்லுவாங்க?"

ஆட்கள் என்று அவர் சொன்னது, அந்த நேரத்தில், ரோட்டோரம் நின்ற இரண்டு மாடுகள்.

மாமா ஒரு சாக்கை நனைக்கத் தண்ணீர் தேடினார்; காரில் தண்ணீர் இல்லை. நோன்புக்காலத்தில் போத்தலில் தண்ணீர் கொண்டுபோவது யார்? உலர்ந்த சாக்கைப் போட்டே மூடியைத் திருகினார். மூடி எகிறியது. அதோடு கஞ்சி கிளம்பியது. பழுப்பு நிறத்தில், கட்டி கட்டியாக, வயலெல்லாம் மணக்க. வடித்த சோற்றின் வாசம். அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் நோன்புக் கஞ்சிக் கிடாரத்தைத் திறக்கும்போது வருமே, அதேபோல.

வயலோரக் களவெட்டியில் நெற்சூடு மிதித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அதன் சொந்தக்காரர் அச்சிமுகம்மது போடியார் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த வயற்கண்டத்தில் நூறு ஏக்கர் அவருடையது. அதனால் எல்லா விஷயத்திலும் கருத்துச் சொல்வார்.

"நோன்புக் கஞ்சியா காச்சிறீங்க? பத்து மணிக்கேவா?" என்றார்.

வாப்பா விளக்கினார். போடியார் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். "யோசனை நல்ல யோசனைதான். கொஞ்சம் மஞ்சளும் போட்டிருக்கணும்."

மாமா கீழ்க் குழாயைக் கழற்ற முனைந்தார். விசிறி இடைஞ்சலாக இருந்ததால் அதை முதலில் கழற்றித் தரையில் வைத்தார். குழாயையும் கழற்றினார். ஒன்றும் வரவில்லை. றேடியேட்டரின் அடியில் கஞ்சி தக்கைபோல் இறுகி நின்றது. கம்பியால் குத்தினார்கள், கம்பி போய் வந்தது, தக்கை அசையவில்லை. களத்தில் வேலை செய்த றஸாக் என்பவர் சைக்கிள் பம்பைக் கொண்டுவந்தார். பம்பின் வாய் சுண்டுவிரல் பருமன், எஞ்சின் பக்கம் கழற்றிய மேல் குழாயின் வாய் ஒரு எலுமிச்சம்பழப் பருமன். துணியைச் சுற்றி அடித்தார்கள். அடித்த காற்று முழுவதும் துணியால் வெளியே வந்து றஸாக்கின் முகத்துக்கு விசிறியது.

"வாயை வெச்சி ஊதினா ஒரே ஊத்தில தெறிக்கும்" என்றார் றஸாக், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"அப்ப ஊதுங்களேன், காக்கா" என்றேன்.

அவர் பம்பைக் கீழே வைத்தார். "நோன்புகா. உள்ளால கஞ்சி திரும்பி வந்து தொண்டைக்குள்ள போயிட்டெண்டா?"

இங்கேதான் மார்க்கச் சட்ட மஸ்அலா தொடங்கியது. ஊதினால் நோன்பு முறியாது, ஊதுவது வெளியே போகிற காற்று என்றார் மாமா. திரும்பி வருகிறது காற்றல்ல, கஞ்சி என்றார் போடியார். தெரியாமல் விழுங்கினால் குற்றமில்லை என்றார் வாப்பா. இவ்வளவு கதைத்த பிறகு தெரியாமல் எப்படி விழுங்குவது என்றார் றஸாக். கதை நன்றாகத்தான் போனது. சம்மாந்துறை லெப்பையிடம் ஆளனுப்பிக் கேட்கலாம் என்பதுவரை வந்துவிட்டது. கடைசியில் மாமா துணிந்தார். மேல் குழாயைக் கையில் எடுத்து, உதட்டுக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, சுடுதேநீரை ஆற்றுவதுபோல் ஊதினார். பிறகு மூன்று தடவை துப்பினார்.

"கொஞ்சம் அசைஞ்ச மாதிரி" என்றார்.

"மாமா, மணி பத்தரை."

"அதுக்கு என்ன செய்யச் சொல்றாய் மகள்? அல்லாஹ்ட நாட்டம் இதுவெண்டா இதுதான்."

வாப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "இண்டைக்கு விட்டா மறுகா ஒரு நாள் கூப்பிடுவாங்கதானே."

மறுகா கூப்பிடமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும். சாய்ந்தமருது மாப்பிள்ளைக்கும் தெரியும்.

அவர்கள் நாலு பேரும் ஒரு குழாயைச் சுற்றி நின்றார்கள். நாலு நெஞ்சிலும் காற்று இருந்தது. ஒருவரின் வாய்க்கும் விடுமுறை இல்லை. அங்கே விடுமுறையில் நின்ற ஒரே வாய் என்னுடையது. அதை யாரிடமும் சொல்ல முடியாது. இவ்வளவுதான் விஷயம். உம்மா எனக்குச் சொல்லித் தந்தபடி நான் நல்ல பிள்ளையாக நின்றுகொண்டிருந்தால், நோன்பு இல்லாத நோன்பாளியாக வீட்டுக்குத் திரும்பி, அஸருக்குக் கஞ்சி குடித்து, மீன் வாடிக்கு மருமகளாகப் போயிருப்பேன்.

முந்தானையை இடுப்பில் செருகினேன். மாமாவின் கையிலிருந்து குழாயை வாங்கினேன்.

"மூடியை இறுக்கிப் பூட்டுங்க. மூடிக்குப் பக்கத்தில இருக்கிற சின்னப் பைப்பை விரலால பொத்துங்க."

"ஏய், ஏய், என்ன செய்யப்போறாய்?" என்றார் வாப்பா.

வாயை வைத்து அடித்து ஊதினேன். முதலில் வந்தது கஞ்சிதான். றஸாக் சொன்னது சரி. துருவும் புளிப்புமாக வாய் நிறைய வந்தது. துப்பிவிட்டு மறுபடி ஊதினேன். காது அடைத்தது. மூன்றாவதில் அடியிலிருந்து ஒரு கட்டி தெறித்துப் போடியாரின் செருப்பில் விழுந்தது. அதன் பின்னால் பழுப்புத் தண்ணீர் தாராளமாக ஓடியது.

யாரும் சந்தோஷப்படவில்லை. எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் போடியாரின் வயல் வாடிக்குப் பக்கத்தில் இருந்த துரவுக் கிணற்றுக்குப் போய், வாளியில் அள்ளி, வாய் கொப்பளித்தேன். தாகமாகவும் இருந்தது. இரண்டு கையாலும் ஏந்தி வயிறு நிறையக் குடித்தேன். காலையிலிருந்து நெல்மூட்டைக்குப் பின்னால் குடித்ததைவிட அது நல்ல தண்ணீர்.

"புள்ள, நோன்பு" என்றார் போடியார். குரல் நடுங்கியது. ஊரில் ஒரு குமர்ப்பெண் பகிரங்கமாக நோன்பை முறிப்பதைத் தன் வயலில் காணவேண்டி வந்ததே என்ற நடுக்கம்.

"எனக்கு இண்டைக்கு நோன்பில்ல" என்றேன்.

"ஏன் இல்ல?" என்று கேட்டுவிட்டார் அந்த மனிதர். கேட்ட பிறகுதான் அவருக்கே விளங்கியது.

 நான் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. ஐம்பது வயது மனிதர் ஒருவர் குடையை ஒரு தரம் மடக்கி, மறுபடி விரித்து, ஆவணி மாதத்து வெறும் வானத்தில் மழை தேடத் தொடங்கினார். றஸாக் தன் சைக்கிளிடம் போய், காற்று நிறைந்திருந்த ரயருக்கு இன்னும் காற்று அடித்தார். மாமா ஸ்பனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். அந்த ஸ்பனர்கள் பிறந்ததிலிருந்து துடைக்கப்படாதவை. வாப்பா தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த ஆண்கள் எல்லாருக்கும் பெண்சாதி இருந்தது, மகள் இருந்தது, சகோதரி இருந்தது. மாதத்தில் சில நாள் அவர்கள் தொழுவதில்லை என்பது இவர்களுக்கு அன்றைக்குத்தான் வானத்திலிருந்து வஹியாக இறங்கியதுபோல் நின்றார்கள்.

இதில் ஒரு நன்மை இருந்தது. என் முகத்தைப் பார்க்க முடியாதவர்களால் என்னோடு வாதாட முடியவில்லை. தரையில் கிடந்த பச்சை விசிறியை எடுத்தேன். வளைவு சரியான பக்கம் இருக்கும்படி திருப்பிப் பிடித்தேன்.

"இப்படி மாட்டுங்க, மாமா."

மாமா தலை குனிந்தபடி நாலு ஆணியையும் இறுக்கினார். ஒரு வருசமாகப் பௌதிகத்தால் முடியாததை, நோன்பில்ல என்ற அந்த ஒரு வசனம் முடித்துவைத்தது. குழாய்களைப் பூட்டினார்கள். துரவுத் தண்ணீரை ஊற்றினார்கள். எஞ்சின் கிளம்பியது. விசிறி காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. கீழே குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

கொஞ்சத் தூரம் போனதும் மாமாவுக்கு நாக்கு வந்தது.

"பாத்தீங்களா மச்சான், கஞ்சி அடைச்சிட்டு."

வாப்பா அதற்குச் சந்தோஷப்படவில்லை. இன்னும் கொஞ்சத் தூரம் போனபிறகு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நோன்பில்ல எண்டு சொல்லாம இருந்திருக்கலாம்."

"சொல்லாம இருந்தா, நோன்பை முறிச்சவள் எண்டு கதைப்பாங்க. எது நல்லம், வாப்பா?"

"ஊதாம இருந்திருக்கலாம்."

"அப்ப ஆர் ஊதுற?"

அவர் மறுபடி ஜன்னலுக்கு வெளியே போய்விட்டார்.

அம்பாறையில் அந்தக் கல்விக் கந்தோரைப் போய்ச் சேர்ந்தபோது விறாந்தையில் ஒருவரும் இல்லை. வாசலில் நின்ற பியோன் என் பெயரை ஏற்கெனவே இரண்டு தரம் கூப்பிட்டாகிவிட்டது என்றான். ஐயாமார் எழும்பப் போகிறார்கள் என்றான். என் சேலையின் முன்பக்கம் முழுவதும் பழுப்புக் கஞ்சி காய்ந்து மொறுமொறுத்துக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்த பார்வையில் நான் நேர்முகப் பரீட்சைக்கு வந்தவளாகத் தெரியவில்லை. சமையலறைக்கு வழி கேட்கிறவளாகத் தெரிந்தேன்.

நான் வாயைத் திறக்குமுன் வாப்பா என்னைத் தாண்டிப் போய், அரைக்கதவைத் தள்ளி, உள்ளே தலையை நீட்டினார்.

"சேர், மன்னிக்கணும். கார் பழுதாப் போயிட்டு. என்ட மகள் நதீரா, பௌதிகப் பட்டதாரி. நோன்போட வந்த புள்ள, சேர். வெயிலுக்குள்ள, தண்ணியில்லாம. கொஞ்சம் இரங்குங்க."

உள்ளே மூன்று பேர். நடுவில் கோட் போட்ட, தொப்பி போட்ட ஒரு முதிய மனிதர்; தலைவர். கோப்பைக் கட்டிக்கொண்டிருந்த அவர் கை நின்றது. முகம் இளகியது.

"நோன்போடயா? அடடா. வாங்க மகள், வாங்க. வந்து இருங்க."

வாப்பா திரும்பி, இப்போது என்னைப் பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவையாக நேருக்கு நேர். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. வாயை மூடிக்கொண்டு போய் இரு, வேலை கிடைத்துவிடும் என்று அது சொன்னது. அது உண்மையும்தான். அந்த அறையில் எனக்கு இரக்கம் கிடைத்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுப்பவள் பைத்தியக்காரியாக இருக்கவேண்டும்.

நான் உள்ளே போனேன். கதிரைக்குப் பின்னால் நின்றேன்.

"எனக்கு நோன்பில்ல, சேர். வாப்பாவுக்குச் சொல்லத் தெரியல்ல. கார் வழியில நிண்டிட்டு, திருத்தி எடுக்கப் பிந்திட்டு. அவ்வளவுதான்."

பக்கத்தில் இருந்த இருவரும் மேசையைப் பார்த்தார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதை மறுபடி மாட்டிக்கொண்டு, என் சேலையை, என் கையில் இருந்த கிறீஸ் கறையை, பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார்.

அப்படி ஓர் ஆண் என்னிடம் நோன்பு மாதத்தில் கேட்டது அதுதான் முதல் தடவை. குடிக்கிறேன் என்றேன். பியோன் கிளாஸைக் கொண்டுவந்து வைத்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் தயங்கி, கடைசியில் என் முன்னால் வைத்தான். மூன்று பேர் பார்த்திருக்கக் குடித்தேன். அரைக்கதவுக்குக் கீழே வாப்பாவின் கால்கள் தெரிந்தன. அவை திரும்பின. போகவில்லை.

ஒளித்தெறிப்பைக் கேட்டார்கள், மின்சுற்றைக் கேட்டார்கள். சொன்னேன். பிறகு தலைவர் பேனாவைக் கையில் எடுத்தார்.

"பொத்துவில்லதான் பௌதிகத்துக்கு ஆளில்ல. தூரம். அங்க தங்கித்தான் படிப்பிக்கணும். போவீங்களா?"

"போவன்."

"வாப்பாவையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேப்பம்."

வாப்பா உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் அதைத் தொட்டுக்கொண்டே நின்றார். தலைவர் கேள்வியைத் திருப்பிச் சொன்னார். வாப்பா என் முன்னால் இருந்த கிளாஸைப் பார்த்தார். அதில் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. 

"போறவள் அவள்தானே, சேர்" என்றார் கடைசியில். "அவளுட்டக் கேளுங்க."

"கேட்டாச்சு" என்றார் தலைவர், எழுதத் தொடங்கினார்.

பொத்துவில் என்பதைப் பிழையில்லாமல் எழுதுகிறாரா என்று நான் எட்டிப் பார்த்தேன்.